ரஃப்: பொருள், உச்சரிப்பு, பயன்பாடு — முழுமையான வழிகாட்டி

ரஃப் நோட்டு, ரஃப் காப்பி, ரஃபான ஆளு, ரஃப் யூஸுக்கு ஒரு செருப்பு என்று தமிழ்ப் பேச்சில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் இது. இவ்வளவு பழகிய சொல்லை ஆங்கிலத்தில் எழுதப் போனால் மட்டும் பிசகுகிறது. நாம் பேசும் ரஃபும் ஆங்கிலக்காரர் பேசும் ரஃபும் பாதி இடத்தில்தான் ஒத்துப்போகின்றன என்பதே காரணம்.

அகராதியைத் திறந்தால் கரடுமுரடான, சொரசொரப்பான, முரட்டுத்தனமான, தோராயமான, கடினமான என்று வரிசையாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். அந்த வரிசையை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்பதை வைத்துத்தான் இந்தச் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. அதனால் ரஃப் என்பதைத் தனியாகப் படிக்காமல், பின்னால் வரும் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

படி 1: எழுத்தும் ஒலியும்

எழுத்துகள் ஆர், ஓ, யூ, ஜி, ஹெச். ஒலியோ ஒரே அசை: ரஃப். 'கப்', 'கட்' என்ற சொற்களில் வரும் குட்டி அகரம்தான் இதிலும் வருகிறது. கடைசி ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். காற்று உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். இரண்டு உதடும் ஒட்டினால் அது 'ரப்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் ரப் என்றால் தேய்ப்பது. 'ரப் சர்ஃபஸ்' என்று சொன்னால் கேட்பவர் எதையோ தேய்க்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். அகரத்தை நீட்டி ஊகாரமாக்கினால் அது கூரை: ரூஃப்.

ஜி-ஹெச் எப்படி ஃப் ஆனது? பழைய ஆங்கிலத்தில் இது 'ரூஹ்' என்று இருந்தது. கடைசியில் தொண்டையைக் காறுவது போன்ற ஓர் ஒலி. அதை எழுதத்தான் ஜி-ஹெச் கூட்டணி. பிறகு அந்த ஒலியே ஆங்கிலத்திலிருந்து போய்விட்டது. சில சொற்களில் ஃப் ஆக மாறியது. சிலவற்றில் சத்தமில்லாமல் மறைந்தது. எழுத்து மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் இதே வேர்ச்சொல் 'ரௌ' என்று இருக்கிறது. அதன் கடைசியில் எழுதிவந்த ஹெச் எழுத்தை 1996-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் எடுத்தே விட்டார்கள். ஆங்கிலத்தில் யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஓ-யூ-ஜி-ஹெச் என்று முடியும் சொற்களை ஒலியின்படி பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரஃப், டஃப், இனஃப் மூன்றும் ஒரே ஒலி. காஃப் (இருமல்), ட்ராஃப் (தொட்டி) இரண்டிலும் ஃப் உண்டு, உயிரொலி வேறு. தோ (இருந்தாலும்), த்ரூ (வழியாக), பௌ (மரக்கிளை) ஆகியவற்றில் ஃப் கிடையாது. முதல் மூன்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பழகினால் போதும். ரஃப் எழுதும்போது எழுத்து தப்பாது.

பேசும்போது இன்னொன்று. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஃப் அதோடு ஒட்டிக்கொள்ளும்: ரஃப் எஸ்டிமேட் என்பது 'ரஃபெஸ்டிமேட்' என்று காதில் விழும். செய்தி கேட்கும்போது இந்தச் சொல்லைத் தவறவிடுவதற்கு இது ஒரு காரணம்.

படி 2: பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

*கையால் தொடும் பொருள்.* சுவர், மரப்பலகை, துணி, தோல். இங்கே பொருள் சொரசொரப்பு. ஸ்மூத் என்பது எதிர்ச்சொல். 'ரஃப் ஹேண்ட்ஸ்' என்றால் வேலை செய்து காய்ப்பு ஏறிய கை. முரட்டுக் கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்லின் மூலப்பொருளும் இந்தப் பக்கம்தான். பழைய ஆங்கிலத்தில் மயிர் அடர்ந்த, சடைபிடித்த என்ற பொருளும் இதற்கு இருந்தது. அதன் மிச்சத்தை நாய் வளர்ப்பவர்கள் அறிவார்கள்: கோலி என்ற நாயினத்தில் ரஃப் கோலி என்பது நீண்ட ரோமம் கொண்டது, ஸ்மூத் கோலி என்பது குட்டை ரோமம் கொண்டது. நாயின் குணத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

உயிரியல் பாடத்தில் வரும் ரஃப் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலமும் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலை) இந்த வகைதான். மேலே ரைபோசோம்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பதால் நுண்ணோக்கியில் சொரசொரப்பாகத் தெரிகிறது. அவை இல்லாதது ஸ்மூத்.

*நிலம், சாலை, கடல்.* 'ரஃப் கிரவுண்ட்' என்றால் மேடுபள்ளமான தரை. 'ரஃப் ரோடு' என்றால் குண்டும் குழியுமான சாலை. கடலுக்கு வந்தால் பொருள் அலையின் உயரத்துக்குத் தாவுகிறது. வானிலை அறிக்கையில் இது வெறும் வருணனைச் சொல்லாக இல்லாமல் ஓர் அளவாகவே நிற்கிறது. உலக வானிலை அமைப்பின் கடல்நிலை அட்டவணையில் 4-ஆம் எண் 'மாடரேட்': அலை 1.25 முதல் 2.5 மீட்டர். 5-ஆம் எண் 'ரஃப்': 2.5 முதல் 4 மீட்டர். 6-ஆம் எண் 'வெரி ரஃப்': 4 முதல் 6 மீட்டர். மீனவர் எச்சரிக்கையில் 'ரஃப் டு வெரி ரஃப்' என்று இருந்தால் இரண்டரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை அலை எழும்பலாம் என்று பொருள். தமிழ்ச் செய்தியில் கடல் சீற்றம், கடல் கொந்தளிப்பு என்று வருவது இதுவே.

*ஆள், விளையாட்டு, கையாளும் விதம்.* இங்கே முரட்டுத்தனம். 'ரஃப் ப்ளே' என்றால் தள்ளுமுள்ளு கலந்த ஆட்டம். 'எ ரஃப் நெய்பர்ஹுட்' என்றால் அடிதடி, திருட்டு நடக்கும் பகுதி. வீடுகளின் தோற்றத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'எ ரஃப்' என்று பெயர்ச்சொல்லாகவே சொல்லி அடாவடிக்காரனைக் குறித்தார்கள். நம் ஊர் ரௌடிக்கும் இதற்கும் ஒலி ஒட்டுவது போலத் தெரியும், ஆனால் ரௌடி வேறு ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

*நாள், வாரம், காலம்.* 'எ ரஃப் டே' என்றால் சிரமமான நாள். 'எ ரஃப் இயர்' என்றால் அடி மேல் அடி விழுந்த ஆண்டு. யாராவது வீட்டுக்கு வந்து 'ஐ ஹேட் எ ரஃப் டே' என்றால், முரட்டுத்தனம் எதுவும் நடந்திருக்கத் தேவையில்லை. அலுவலகத்தில் ஒன்றும் சரியாக ஓடவில்லை என்பதுதான் சேதி.

*கணக்கு, யோசனை, வரைவு.* தோராயம், உத்தேசம், குத்துமதிப்பு, இன்னும் செப்பனிடாதது. ரஃப் எஸ்டிமேட், ரஃப் ஐடியா, ரஃப் ஸ்கெட்ச், ரஃப் டிராஃப்ட். போட்டித் தேர்வு வினாத்தொகுப்பில் 'ஸ்பேஸ் ஃபார் ரஃப் ஒர்க்' என்று அச்சிட்டிருப்பதும் இதுவே. அமெரிக்காவில் அந்தத் தாளுக்கு ஸ்க்ராட்ச் பேப்பர் என்று பெயர்.

இந்த வகைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொல் பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். 'எ ரஃப் ஐடியா' என்றால் உத்தேசமான ஒரு கருத்து, ஓரளவு புரிதல். 'தி ஐடியா இஸ் ரஃப்' என்று பின்னால் போட்டால் யோசனை இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள் நகர்ந்துவிடும். மற்ற வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை. 'எ ரஃப் சர்ஃபஸ்' என்றாலும் 'தி சர்ஃபஸ் இஸ் ரஃப்' என்றாலும் ஒன்றே.

*குரல், உடம்பு.* 'ரஃப் வாய்ஸ்' கரகரத்த குரல். 'ஐ ஃபீல் ரஃப்' என்பது பிரிட்டிஷ் பேச்சுவழக்கு: உடம்பு சரியில்லை. முந்தின இரவு குடித்ததன் விளைவு என்ற குறிப்பும் அதில் எட்டிப்பார்க்கும். விடுப்புக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அங்கே 'அன்வெல்' போதும்.

படி 3: சொல்லின் பிற வடிவங்கள்

ஒப்பிடும்போது ரஃபர், ரஃபஸ்ட். ஓரசைச் சொல் என்பதால் 'மோர் ரஃப்' வேண்டாம். பெயர்ச்சொல் ரஃப்னஸ். லேத் பட்டறையில் மேற்பரப்பின் ரஃப்னஸை மைக்ரானில் அளப்பார்கள். ஆர்ஏ என்பது சராசரி ரஃப்னஸின் குறியீடு. வரைபடத்தில் ஆர்ஏ 3.2 என்று இருப்பதைவிட ஆர்ஏ 1.6 வழவழப்பு கூடியது. எண் குறையக் குறைய மேற்பரப்பு நயமாகும். பட்டறைப் பேச்சில் உள்ள 'ரஃப் கட்', 'ஃபினிஷ் கட்' இரண்டையும் ஆங்கிலத் தொழில்நுட்ப நூல்கள் ரஃபிங், ஃபினிஷிங் என்று எழுதுகின்றன. முதலில் ஆழமாக ஓட்டி உலோகத்தைக் கழிப்பது ரஃபிங்.

வினைச்சொல் ரஃபன்: சொரசொரப்பாக்கு. பெயின்ட் பிடிக்க வேண்டும் என்றால் பழைய வழவழப்பான பரப்பை உப்புத்தாளால் தேய்த்து 'ரஃபன்' செய்ய வேண்டும். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் கேமரன் பான்கிராஃப்ட் உப்புத்தாளைக் களத்துக்குள் கொண்டுபோனதும் பந்தின் ஒரு பக்கத்தை ரஃபன் செய்யத்தான். கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். அப்போதைய செய்திகளைத் தேடிப் படித்தால் ரஃபன், ரஃப் சைட் என்ற சொற்கள் அடிக்கடி கண்ணில் படும்.

கிரிக்கெட்டில் 'தி ரஃப்' என்று பெயர்ச்சொல்லாகவும் உண்டு. வலதுகை வேகப்பந்து வீச்சாளர்கள் ஓடிவந்து கால் பதித்துக் கிளறிய மண், மறுமுனையிலிருந்து பந்து வரும்போது இடதுகை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும். ஆஃப் ஸ்பின்னர் குறிவைப்பது அந்த இடத்தை. 'ஹி இஸ் பௌலிங் இன்டு தி ரஃப்' என்று வர்ணனையாளர் சொல்வது இதைத்தான். கோல்ஃபில் தி ரஃப் என்றால் வெட்டாமல் விட்ட உயரப் புல்.

அதிகம் தடுக்கிவிடும் வடிவம் ரஃப்லி. இதற்கு இரண்டு பொருள்: முரட்டுத்தனமாக, ஏறக்குறைய. எது என்று இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எண்ணுக்கோ அளவுக்கோ முன்னால் வந்தால் ஏறக்குறைய: 'ரஃப்லி ஃபிஃப்டி பீப்பிள்'. வினையை ஒட்டி வந்தால் முரட்டுத்தனமாக: 'ஹி புஷ்ட் மீ ரஃப்லி'. சமையல் குறிப்பில் 'ரஃப்லி சாப்ட்' என்று வந்தால் இரண்டும் இல்லை. ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை, பெரிய துண்டாகவே நறுக்கிப் போடலாம் என்று பொருள்.

ஏறக்குறைய என்ற பொருளில் வரும்போது பின்னால் வரும் எண்ணும் உருண்டையாக இருக்க வேண்டும். 'ரஃப்லி 200' சரி. 'ரஃப்லி 197' என்றால் சிரிப்பார்கள். 'ரஃப்லி அரௌண்ட் 200' என்று இரண்டு தோராயத்தை அடுக்குவதும் வேண்டாம்.

'லி' என்ற வால் இல்லாமல் ரஃப் என்ற வடிவமே வினையடையாகும் இடங்கள் சில உண்டு: ஸ்லீப் ரஃப், லிவ் ரஃப், ப்ளே ரஃப். ஸ்லீப் ரஃப் என்றால் வீடில்லாமல் தெருவில், நடைபாதையில் படுத்து உறங்குவது. அப்படி உறங்குபவர் ரஃப் ஸ்லீப்பர். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஓர் இரவைத் தேர்ந்து இவர்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கிறார்கள். 'ஹி ஸ்லெப்ட் ரஃப்லி' என்று திருத்தி எழுதினால் இந்தப் பொருள் போய்விடும்.

படி 4: ஆன் போடுவதா, வித் போடுவதா

'ரஃப் வித்' என்றால் ஒருவரை, ஒரு பொருளை முரட்டுத்தனமாகக் கையாள்வது. 'டோன்ட் பீ ரஃப் வித் தி பேபி': குழந்தையை மெதுவாகப் பிடி. 'ரஃப் ஆன்' என்றால் பாதிப்பு யார் மேல் விழுகிறது என்று சொல்வது. 'தி டிவோர்ஸ் வாஸ் ரஃப் ஆன் தி சில்ட்ரன்': விவாகரத்தில் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். 'திஸ் சோப் இஸ் ரஃப் ஆன் யுவர் ஹேண்ட்ஸ்' என்றால் இந்த சோப்பு கையைப் பதம்பார்க்கும். 'ரஃப் டு' என்பதைத் தமிழின் நான்காம் வேற்றுமையை நம்பி எழுதுகிறோம். ஆட்களுக்கு முன்னால் அது சரிப்படாது.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்தறிவது

நல்ல ஆங்கிலம் எழுதுபவர்களும் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் குழப்பம் கோர்ஸ். பாடத்திட்டத்தைக் குறிக்கும் கோர்ஸும் இதுவும் ஒரே ஒலி. எழுத்தில் இதற்கு ஓ-வுக்குப் பின் ஏ வரும். கோர்ஸ் என்பது துகளின் அளவைச் சொல்கிறது, ரஃப் என்பது பரப்பின் நிலையைச் சொல்கிறது. கல் உப்பு 'கோர்ஸ் சால்ட்'. கொரகொரவென்று அரைத்த மாவு 'கோர்ஸ்லி கிரவுண்ட்'. கட்டுமானத்தில் 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் ஜல்லி 'கோர்ஸ் அக்ரிகேட்', அதில் இறங்கிவிடும் மணல் 'ஃபைன் அக்ரிகேட்'. உப்புத்தாளை எடுத்துக்கொண்டால் இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு சட்டென்று பிடிபடும். 60-ஆம் எண் தாளின் உறையில் கோர்ஸ் என்றுதான் அச்சிட்டிருக்கும், அதன் மணல் பருமன் என்பதால். அந்தத் தாளால் தேய்த்த பலகை ரஃபாக இருக்கும். பிறகு 150, 180 என்று ஏற ஏற ஃபைன் தாள், ஸ்மூத் பலகை. கோர்ஸுக்கு எதிர்ச்சொல் ஃபைன், ரஃபுக்கு ஸ்மூத். சந்தேகம் வரும்போது எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

மட்டமான என்ற நிறமும் கோர்ஸுக்கு உண்டு. கேழ்வரகு, கம்பு, சோளம் முதலியவற்றை நெடுங்காலம் 'கோர்ஸ் கிரெய்ன்ஸ்' என்று அரசு ஏடுகளில் எழுதிவந்தார்கள். 2018-இல் மத்திய அரசு அவற்றை 'நியூட்ரி சீரியல்ஸ்' என்று அறிவித்தது. 'கோர்ஸ் லாங்வேஜ்' என்றால் கொச்சையான, ஆபாசமான பேச்சு.

அடுத்து ஹார்ஷ். புலன்களையும் மனதையும் அறைகிற கடுமை இது. கண்ணைக் கூசும் வெளிச்சம், காதைக் கிழிக்கும் ஒலி, கடுந்தண்டனை, கடுங்குளிர், சுடுசொல் எல்லாவற்றுக்கும் ஹார்ஷ். 'ரஃப் பனிஷ்மென்ட்' என்று எழுதாதீர்கள். ரஃப் என்றால் பெரும்பாலும் கவனக்குறைவோ பக்குவமின்மையோ சேர்ந்திருக்கும். ஹார்ஷில் கவனமெல்லாம் முழுதாக இருக்கும், இரக்கம்தான் இருக்காது. ஆசிரியர் விடைத்தாளில் எழுதிய குறிப்பு ஹார்ஷ். விளையாட்டு மைதானத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் தள்ளுவது ரஃப்.

க்ரூட் என்பது பதப்படுத்தாத நிலை. க்ரூட் ஆயில் எல்லோருக்கும் தெரியும். மக்கள்தொகைக் கணக்கில் 'க்ரூட் பர்த் ரேட்' என்றால் ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்ற எளிய கணக்கு. வயது, பாலினம் பார்த்துச் சரிக்கட்டாதது. ஆளையோ பேச்சையோ க்ரூட் என்றால் அது ரஃபைவிட மோசமான வசை. ரஃபான ஆளுக்கு நல்ல மனசு இருக்கலாம் என்ற இடம் ஆங்கிலத்தில் உண்டு. க்ரூட் ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரக்கிட் என்பதை 'ரக்ட்' என்று ஓரசையாகச் சொல்கிறோம், அது ஈரசை. மலைப்பகுதிக்கும், அடி தாங்கும் கைபேசிக்கும், உழைத்து உரமேறிய முகத்துக்கும் இதுதான். பாராட்டுத் தொனி உள்ள சொல்.

கைப்பழக்கம் இல்லாமல் தட்டித் தடுமாறுவதற்கு ரஃப் பொருந்தாது. அங்கே க்ளம்ஸி: எதை எடுத்தாலும் கை நழுவவிடுபவர், கால் இடறுபவர். ஆக்வர்ட் என்றால் உடலின் அசைவு சரளமாக இல்லாதது, அல்லது சூழ்நிலை சங்கடமாக இருப்பது. தட்டை உடைத்த பிள்ளை க்ளம்ஸி; உடைத்த பிறகு விருந்தாளிகள் முன் நிலவும் மௌனம் ஆக்வர்ட்; கோபத்தில் தட்டை எறிந்திருந்தால்தான் ரஃப் பேச்சுக்கே வரும்.

படி 6: நிலைத்த தொடர்கள்

இவற்றைப் பிரித்துப் பொருள் காண முடியாது. முழுதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

'ரஃப் பேட்ச்': நேரம் சரியில்லாத காலம். திருமணம், வியாபாரம், ஆட்டக்காரரின் ஃபார்ம் எதற்கும் பொருந்தும். முன்னால் 'ஹிட்' அல்லது 'கோ த்ரூ' வரும்.

'டேக் தி ரஃப் வித் தி ஸ்மூத்': நல்லது கெட்டது இரண்டையும் ஏற்றுக்கொள்வது. சொல் வரிசை மாறக் கூடாது.

'ரஃப் அண்ட் ரெடி': நயம் இல்லை, ஆனால் காரியம் நடக்கும். ரெடிமேட் என்று நினைத்துவிட வேண்டாம்.

'ரஃப் அப்': ஆளை அடித்து நொறுக்குவது. ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதகரைத் தாக்கினால் ஆங்கில நாளிதழ்கள் 'ரஃப்ட் அப்' என்று தலைப்பிடும். யாரை என்பது பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் வரும்: 'தே ரஃப்ட் ஹிம் அப்'.

'ரஃப் இட்': வசதி இல்லாமல் சமாளிப்பது, கூடாரம் அடித்துத் தங்குவது போல. இட் போனால் தொடரே போச்சு.

'ரஃப் ஜஸ்டிஸ்': முறைப்படி விசாரிக்காமல் கிடைத்த தீர்ப்பு. கட்டப்பஞ்சாயத்து அளவுக்குப் போக வேண்டியதில்லை. வாங்கியவருக்கு அது தகும் என்ற தொனியும் சில இடங்களில் இருக்கும்.

'ரஃப் டைமண்ட்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைர வணிகத்தில் ரஃப் என்றாலே பட்டை தீட்டாத கல். 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் 3,106 கேரட் எடையுள்ள ரஃப். அதை வெட்டித்தான் பிரிட்டிஷ் முடிமணிகள் பல செய்யப்பட்டன. ஆளைக் குறிக்கும்போது பிரிட்டனில் 'எ ரஃப் டைமண்ட்' என்றால் பேச்சும் பழக்கமும் நயமில்லாத, ஆனால் உள்ளுக்குள் தங்கமான மனிதர். அமெரிக்காவில் 'எ டைமண்ட் இன் தி ரஃப்' என்பார்கள், அங்கே வெளிப்படாத திறமை என்ற பக்கம் கனக்கும். இரண்டிலும் இன்னும் பட்டை தீட்டவில்லை என்ற குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரியைப் பாராட்ட இது ஏற்ற தொடர் இல்லை.

படி 7: நம் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது

'மேனேஜர் ரஃபா பேசிட்டார்.' ஆங்கிலத்தில் 'ஹி டாக்ட் ரஃப்' என்று அப்படியே எழுதுவதில்லை. மரியாதை குறைந்தது என்றால் 'ஹி வாஸ் ரூட் டு மீ'. சுருக்கென்று பேசினார் என்றால் 'ஹி ஸ்போக் ஷார்ப்லி'. சொற்கள் சுட்டன என்றால் 'ஹார்ஷ்லி'. நடந்தது எது என்று தீர்மானித்த பிறகுதான் சொல்லை எடுக்க முடியும். தமிழில் ரஃப் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

'வேலையை ரஃபா செஞ்சிருக்கான்.' ஏனோதானோவென்று செய்ததைச் சொல்கிறோம். 'ரஃப் ஒர்க்' என்று எழுதினால் வரைவு வேலை என்றோ உடலுழைப்பு என்றோ படிப்பார்கள். ஷாடி ஒர்க், ஸ்லாப்பி ஒர்க் என்று எழுத வேண்டும்.

'ரஃப் யூஸ்.' இந்தியாவுக்குள் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது தினசரிப் பயன்பாடு என்றால் 'எவ்ரிடே யூஸ்', அடி தாங்கும் என்றால் 'ஹெவி ட்யூட்டி' அல்லது 'ஹார்ட் வேரிங்'. செருப்பு விற்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். முன்னதில் விலை இறங்கும், பின்னதில் ஏறும்.

'ரஃபா ஒரு கொட்டேஷன் அனுப்புங்க.' வணிக ஆங்கிலத்தில் கொட்டேஷன் என்றால் இன்ன வேலைக்கு இன்ன விலை என்று உறுதி கொடுப்பது. உத்தேச விலைக்கு எஸ்டிமேட். அதனால் ரஃப் எஸ்டிமேட் கேளுங்கள். ரஃப் கொட்டேஷன் கேட்டால் எதிராளி எதைத் தருவது என்று யோசிப்பார், பிறகு விலை ஏறும்போது இரண்டு பக்கமும் மின்னஞ்சலைத் தோண்டி எடுக்க நேரிடும்.

'ரஃப் டிரைவிங்.' தாறுமாறாக ஓட்டுவதைச் சொன்னால் ரெக்லஸ் டிரைவிங். நம் சட்டச் சொல் ரேஷ் டிரைவிங்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆம் பிரிவு. புகார் மனுவில் ரஃப் என்று எழுத இடமில்லை.

'ரஃப் அண்ட் டஃப்' எதுகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுயவிவரக் குறிப்பில் போட்டுக்கொண்டால் சண்டைக்குத் தயார் என்பது போலப் படும். உறுதியானவர் என்று சொல்ல 'டஃப்' ஒன்றே போதும்.

படி 8: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

மொழிபெயர்க்கும்போது கரடுமுரடு என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைப்பதுதான் பொதுவான கோளாறு. கடலுக்குச் சீற்றம், சாலைக்கு மேடுபள்ளம், தோலுக்குச் சொரசொரப்பு, கணக்குக்கு உத்தேசம், குரலுக்குக் கரகரப்பு, கல்லுக்குப் பட்டை தீட்டாத என்று பெயர்ச்சொல்லே தனக்கு வேண்டிய சொல்லைக் கேட்கும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை 'ரஃப் ரைஸ்'. பொருளாதாரச் செய்தியில் சிகாகோ முன்பேரச் சந்தையில் ரஃப் ரைஸ் விலை ஏறியது என்று வரும். இதைச் சொரசொரப்பான அரிசி, கரடுமுரடான அரிசி என்றெல்லாம் எழுதிவிடும் ஆபத்து உண்டு. உமி நீக்காத அரிசிக்குத் தமிழில் இரண்டே எழுத்தில் சொல் இருக்கிறது: நெல்.

பழகிப் பார்க்க ஐந்து வாக்கியங்கள்

கீழே உள்ளவற்றில் எது சரி, எது தப்பு என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

1. 'தி ஜட்ஜ் கேவ் ஹிம் எ ரஃப் சென்டென்ஸ்.'
2. 'வீ நீட் ரஃப்லி ட்வென்டி சேர்ஸ்.'
3. 'ஆட் ரஃப் சால்ட் டு தி ஃபிஷ்.'
4. 'மெனி பீப்பிள் ஸ்லீப் ரஃப்லி நியர் தி ஸ்டேஷன்.'
5. 'ஷி வாஸ் ரஃப் வித் தி ஓல்ட் கேமரா அண்ட் தி லிட் ப்ரோக்.'

முதலாவது தப்பு, தண்டனைக்கு ஹார்ஷ். இரண்டாவது சரி, எண்ணுக்கு முன்னால் ரஃப்லி வந்திருக்கிறது, எண்ணும் உருண்டை. மூன்றாவதில் கோர்ஸ் வேண்டும், பேச்சு உப்பின் மணி அளவைப் பற்றியது. நான்காவது ஸ்லீப் ரஃப். ஐந்தாவது சரி, கேமராவை முரட்டுத்தனமாகக் கையாண்டதால் மூடி உடைந்தது என்கிறது. வேண்டுமென்றே செய்யவில்லை, கை தவறித்தான் உடைந்தது என்று சொல்ல விரும்பினால் ரஃபை எடுத்துவிட்டு க்ளம்ஸி போடுங்கள், வித் அப்படியே இருக்கட்டும்.